மண்ணில் முத்தெடுத்தவர்

பொதியிலில் தோன்றி நெல்லைச் சீமையை வளப்படுத்தும் பொருநையாறு, கடலொடு கலக்கும் இடத்தே முற்காலத்தில் கொற்கை என்னும் துறைமுகம் சிறந்து விளங்கியது. பாண்டியர்க்குரிய அப்பட்டினத்து முத்து யவனர் நாடு வரையில் சென்று விலைபோயிற்று. ஆறு கொணர்ந்த வண்டல் ஆண்டுதோறும் படிந்தமையால் கடல் பின்வாங்கிற்று. இன்று கொற்கை, கடற்கரையினின்றும் சில கல் தொலைவில், உள்நாட்டுச் சிற்றூராக இருக்கிறது. முத்துக்குளிப்பும் பின்னாளில் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது. அங்கே அரசினர் நடத்திய சலாபமும் 1961ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று.

முத்தை அணிவோர்க்கு அதனை எடுத்தோர் பட்ட பாடு தெரிவதில்லை. கடலடியிலுள்ள பாரில் மூழ்கி எடுத்த சிப்பிகளைக் கரையிற் குவித்து அழுகவிடுவர். ஈ மொய்க்கும், நாற்றம் ஊரை எட்டும். ஊன் அழுகியபின் நீரிலிட்டு அலசி, எஞ்சிய கசட்டினுள் முத்து உண்டோ என்று விரலால் துழாவிப் பார்ப்பர். நூறு சிப்பியிலும் ஒன்றும் இல்லாது போதல் உண்டு. ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்தாலன்றி விலைமதிப்புள்ள நல்முத்து ஒன்று கிட்டுவது அரிது. ஆழத்தில் மூழ்கும் துணிவைக் காட்டிலும் கரையில் இருந்து அலசும் பொறுமையே இத்தொழிலில் பெரிதெனலாம்.

கடலில் முத்தெடுத்தது போன்றே மண்ணிலும் முத்தெடுக்கலாம் என்பது இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தெளிவாயிற்று. அம்முத்து அணிகலன் ஆவதன்று. நோய் தீர்க்கும் மருந்தாவது. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. கோடையிற் காய்ந்த நிலத்தில் முதல் மழை விழுந்தவுடன் எழும் மண்வாசனையை அறியாதார் இலர். அம்மணத்துக்குப் பெருங்காரணம் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிரினமே. அவ்வினத்தைச் சேர்ந்தவை பல, தம் அருகிலுள்ள பிற உயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுட் சில, மனிதனை வருத்தும் நோய்க்கிருமிகளையும் அடக்க வல்லன. அத்தகைய பொருள்களைத் தேடும் பெரும்பணிக்குத் தலைமை தாங்கியோருள் ஒருவர், சென்னையிற் கல்வி பயின்று கடல்கடந்து சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரிற் பிறந்தார். இப்போது ஆந்திர மாநிலத்திலுள்ள அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் பெயர் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. வருவாய்த் துறையிற் பணிபுரிந்த தந்தையார் காலத்துக்கு முன்னரே வேலையினின்றும் விலக நேர்ந்தமையால் வறுமை மிகுந்தது. 13 வயதுச் சிறுவராயிருந்த சுப்பாராவ், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று எண்ணி ஒருநாள் வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிட்டார். தாயார் விடவில்லை, அவரைத் தேடிப் பிடித்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார்.

பள்ளியிலும் அவர் பெயர் பெற்ற மாணவர் அல்லர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறினார். தந்தையார் காலமானார். பிறிதொரு தாயாயின் படிப்பை நிறுத்தி ஏதேனும் ஒரு வேலையில் அமர்த்தியிருப்பார். வெங்கம்மாவோ தம் நகைகளை விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்து படித்த சுப்பாராவ் மூன்றாம் முறை தேர்வில் வெற்றி பெற்றார். அதன்பின் மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்தில் நாட்டம் இருந்தது. அதனினும் மிகுதியாகத் துறவில் நாட்டம் இருந்தது. இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு பழகி, அவர்களைப் போலவே தாமும் காவி உடுத்து மக்கட்பணி செய்ய விழைந்தார். தாயார் இசையவில்லை. மருத்துவம் பயின்றாலும் அப்பணியைச் செய்யலாம் என்னும் எண்ணம் அப்போது அவர் உள்ளத்தில் வேரூன்றியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். 1919ஆம் ஆண்டில் சேஷகிரி என்னும் மங்கையை மணந்தார். படிப்புச் செலவுக்கு மாமனார் உதவினார்.

அவர் மருத்துவம் பயின்ற காலத்தில் குடும்பத்தின்மீது பேரிடி விழுந்தது. தமையனார் ஒருவரும் தம்பி ஒருவரும் சில நாட்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். இருவரையும் கொண்டது ஸ்புரூ என்னும் நோய். நம் நாட்டு மருத்துவர் கிராணிக் கழிச்சல் என்று கூறுவதை ஒத்த நோய் அது. நோயாளி உண்பார், உண்டது உடலில் ஒட்டாது. வயிறு ஓயாது கழியும். நாவிற் புண் தோன்றும். குருதி குன்றிச் சோகை பற்றும். சோறு இருந்தும் பட்டினி கிடந்தவர்போல் மெலிந்து இறுதியில் உயிர் நீங்கும். அந்நாளில் மேனாட்டு மருத்துவத்தில் இதற்குத் தக்க மருந்து இல்லை, காரணமும் தெரியாது. மருத்துவக் கல்லூரி மாணவர் தம் உடன்பிறந்தார் இருவர்க்கும் ஒன்றும் செய்ய இயலவில்லை.

பின்னர் அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. ஆசண்ட லட்சுமிபதி என்னும் புகழ்பெற்ற ஆயுர்வேத மருத்துவர் கொடுத்த மருந்தால் அவர் பிழைத்தார். மேனாட்டு முறையைக் கற்றுக்கொண்டிருந்தவரை நாட்டு மருந்து காத்தது. அம்மருந்தினுள் நோயைத் தீர்த்த பொருள் யாது, அஃது உடலில் எவ்வாறு வேலை செய்தது என்று உரைப்பார் எவரும் இலர். மருந்து உண்டு, காரணம் தெரியவில்லை என்னும் இந்நிலை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

காந்தியடிகள் அயல்நாட்டுத் துணியைத் துறக்குமாறு நாட்டினரை அழைத்தபோது, சுப்பாராவ் அறுவை மருத்துவக் கூடத்திலும் கதராடையே அணிந்து நின்றார். ஆங்கிலேயப் பேராசிரியர்க்கு அது பொறுக்கவில்லை. மற்றப் பாடங்களில் தேர்ச்சி பெற்றிருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடையாது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணியிலும் இடமில்லை. லட்சுமிபதியார் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். ஆயினும் ஆராய்ச்சி செய்தாலன்றித் தம் ஐயம் தீராது எனத் துணிந்து, அறநிலையம் ஒன்றன் உதவியும் மாமனாரின் பொருளும் கொண்டு 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரை அடைந்தார்.

அவர் கப்பல் ஏறியபோது மனைவியார் கருவுற்றிருந்தார். பின்னர் ஆண்மகவு பிறந்தது. ஓராண்டு நிறையுமுன் எரிசிபெலஸ் என்னும் தொற்றுநோயால் அக்குழந்தை இறந்தது. தோலைத் தீப்போற் சிவக்கச் செய்யும் அந்நோய் ஒரு கிருமியால் வருவது. பெனிசிலின் வந்த பிறகு எளிதில் தீர்வது. அந்நாளில் பெனிசிலின் இல்லை. தந்தை மகன் முகத்தைக் கண்டதில்லை. படிப்பு முடிந்ததும் திரும்பும் எண்ணத்துடன் சென்றவர் பின்னர் எக்காலத்தும் தாய்நாடு திரும்பவில்லை. மனைவியாரையும் மீண்டும் காணவில்லை. உலகுக்கு அவர் செய்த நன்மை அளவிறந்தது. எனினும் இல்லாள் திறத்து அவர் நடந்துகொண்டது தக்கதோ என்று வினவுவார்க்கு விடை கூறுதல் அரிது.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியிற் பயின்று 1924ஆம் ஆண்டில் சான்றிதழ் பெற்றார். கைப்பொருள் போதவில்லை. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் ஊழியராக வேலை பார்த்தார். பகலில் பிஸ்கே என்னும் வேதியியற் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். 1925இல் இருவரும் சேர்ந்து, குருதியிலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று நீலநிறத்தின் அடர்வைக்கொண்டு அளக்கும் முறையை வெளியிட்டனர். அம்முறை நெடுங்காலம் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்கியது. 1927இல் தசையிலுள்ள பாஸ்போகிரியாட்டினையும், 1929இல் ஏ.டி.பி. எனப்படும் பொருளையும் அவர்கள் பிரித்தறிந்தனர். ஓடுவதற்கும் எழுதுவதற்கும் கண்ணிமைப்பதற்கும் உடல் செலவிடும் ஆற்றல் இப்பொருளின் வழியாகவே கிடைக்கிறது. ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதே ஆண்டில் இதனைக் கண்டார். 1930ஆம் ஆண்டில் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிலையான ஆசிரியப் பதவி அளிக்கவில்லை.

அப்பல்கலைக்கழகத்தை விட்டு 1940ஆம் ஆண்டில் அவர் லெடர்லி என்னும் மருந்து ஆய்வு நிலையத்திற் சேர்ந்தார்; பின்னர் அதன் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவரானார். அந்நிலையம் நியூயார்க்கு மாநிலத்தில் இருந்த ஊரின் பெயர் பேர்ல் ரிவர். தமிழிற் கூறின் முத்தாறு. அங்குள்ள சிற்றோடையிற் கிடைத்த சிப்பிகளில் முத்துக் காணப்பட்டதால் அப்பெயர் வந்தது என்பர். பொருநைக் கரையினர்க்கு இப்பெயர் வியப்பளியாது.

முத்தாற்றில் அவர் முதலில் மேற்கொண்ட பணி, சோகை நோயைத் தீர்க்கும் சத்துப்பொருளைக் காண்பதாகும். ஈரலை உண்டால் சில வகைச் சோகை நீங்கும் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. அதனைக் கண்டறிந்த மூவருக்கு 1934ஆம் ஆண்டில் நோபல் பரிசும் கிடைத்தது. பம்பாயில் கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி, ஈஸ்ட்டு என்னும் நுண்ணுயிரிலிருந்து எடுத்த சாற்றாலும் சோகை தீர்வதைக் கண்டிருந்தார். ஈரலினும் ஈஸ்ட்டினும் உள்ள அப்பொருள் யாது? சுப்பாராவின் குழுவினர் பல ஆண்டு முயன்று அதனைப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பை அறிந்தனர். 1945ஆம் ஆண்டில் வேதியியல் முறையால் அதனைச் செய்தும் காட்டினர். போலிக் அமிலம் என்று பெயர் பெற்ற அப்பொருள், ஸ்புரூ நோயாளரின் சோகையையும் போக்கியது. உடன்பிறந்தார் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த விடை அது. அச்செய்தியை அறிவித்த கட்டுரையில் சுப்பாராவின் பெயர் முதலில் இல்லை; பல பெயர்களுக்கு நடுவே நின்றது.

போலிக் அமிலத்தை ஒத்த உருவமும் மாறுபட்ட இயல்பும் உடைய பொருள்களையும் அவர் குழுவினர் செய்தனர். அவற்றுள் அமினோப்டெரின் என்பதைப் பாஸ்டன் நகரத்துக் குழந்தை மருத்துவர் சிட்னி பார்பர், குருதிப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துக் குழந்தைகளுக்கு நோய் சிறிது காலம் தணிந்தது. 1948இல் வெளிவந்த அச்செய்தியே புற்றுநோயை மருந்தால் அடக்கும் முயற்சிக்கு வழிகாட்டியது. யானைக்கால் நோய்க்குரிய டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்தும் 1947இல் அந்நிலையத்திலேயே கண்டறியப்பட்டது. பிற்காலத்தில் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாட்டு ஊர்களில் வீடுவீடாக வழங்கப்பட்ட மாத்திரை அதுவே.

இனி மண்ணுக்கு வருவோம். 1928ஆம் ஆண்டில் பிளெமிங் என்பார் பூஞ்சைக் காளானில் பெனிசிலினைக் கண்டார். இரண்டாம் உலகப் போரின்போது அது பெருமளவில் செய்யப்பட்டுப் பல்லாயிரவர் உயிரைக் காத்தது. 1943இல் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஷாட்ஸ் என்னும் இளைஞர் மண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டார். காசநோய்க்கு முதல் மருந்து கிடைத்தது. ஆயினும் பெனிசிலின் எல்லாக் கிருமிகளையும் அடக்கவில்லை. டைபஸ் முதலிய காய்ச்சல்களில் அது பயன்படவில்லை. ஸ்ட்ரெப்டோமைசினை ஊசியாலேயே செலுத்த வேண்டும். மிகுதியாகக் கொடுத்தால் செவியின் நரம்பைக் கெடுக்கும். வாய்வழி உண்ணத்தக்கதும் பலவகைக் கிருமிகளை அடக்குவதுமான ஒரு மருந்து மண்ணில் இருத்தல் கூடும் என்று சுப்பாராவ் கருதினார்.

அத்தேடலை நடத்த அவர் தேர்ந்த துணைவர், பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் அறிஞர். டக்கர் 1872ஆம் ஆண்டிற் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் முதுமை காரணமாக அவர்க்கு ஓய்வு அளித்திருந்தது. 70 வயதைக் கடந்த ஒருவரைப் புதுவேலைக்கு அமர்த்துவோர் எங்கும் மிகுதியாக இலர். சுப்பாராவ் அவர் வயதைப் பார்க்கவில்லை. பூஞ்சைகளையும் மண்ணுயிர்களையும் பற்றி அவர்க்கிருந்த அறிவைப் பார்த்தார். 1944இல் டக்கர் முத்தாற்றுக்கு வந்தார்.

தேடும் முறை எளிது. செய்து முடித்தலே அரிது. பல ஊர்களிலிருந்தும் மண்ணை வருவிப்பர். சிறிதளவு மண்ணை நீரிற் கரைத்து, அந்நீரை மேலும் மேலும் நீர்த்துப்போகச் செய்து, கடற்பாசிக் கூழ் உறைந்த தட்டில் பரப்புவர். சில நாட்களில் தட்டின்மேல் புள்ளி புள்ளியாக நுண்ணுயிர்க் கூட்டங்கள் முளைக்கும். வெண்மை, பழுப்பு, கருமை எனப் பல நிறம். ஒவ்வொன்றையும் தனித்தனியே வளர்த்து, அருகில் நோய்க்கிருமியையும் வளரவிடுவர். ஒரு புள்ளியைச் சுற்றிக் கிருமி அணுகாது தெளிந்த வட்டம் ஒன்று தோன்றுமாயின், அப்புள்ளி ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது பொருள்.

அவ்வட்டத்தைக் கண்டவுடன் மகிழ்ந்துவிட முடியாது. அந்நுண்ணுயிரைப் பெரிய கலங்களில் வளர்த்துச் சாற்றை வடித்துப் பொருளைப் பிரித்தல் வேண்டும். பிரித்துப் பார்த்தால் முன்பே பிறர் கண்ட பொருளாக இருக்கும். புதிதாயின் நஞ்சாக இருக்கும். கிருமியோடு எலியையும் கொல்லும். நஞ்சன்றாயின் உடலுட் சென்றதும் சிதைந்து பயனற்றுப் போகும். இவ்வாறு ஆயிரக்கணக்கான வளர்ப்புகளை ஒவ்வொன்றாக அலசிக் கழித்தனர். கொற்கைத் துறையில் அழுகிய சிப்பியை அலசியோர்க்கும் இவர்க்கும் தொழிலில் வேறுபாடு உண்டு, பொறுமையில் இல்லை.

மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் சான்பார்ன் வயல் என்னும் பழைய ஆராய்ச்சிப் பண்ணை உள்ளது. 1888ஆம் ஆண்டு முதல் அங்கே பயிர்முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து வருகின்றனர். டக்கர் இளமையில் அப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். ஆதலின் அங்கிருந்த ஆல்பிரெக்ட் என்னும் மண்ணியல் அறிஞரை மண் அனுப்புமாறு கேட்டார். ஆல்பிரெக்ட் 1945ஆம் ஆண்டில் அனுப்பிய மண்வகைகளுள் ஒன்று, அவ்வயலின் 23ஆம் பாத்தியில் எடுத்தது. நெடுங்காலம் எருவின்றித் தீவனப்புல் ஒன்றே விளைந்த பாத்தி அது. உழவன் எவனும் அம்மண்ணை வளமுடையதென்று கூறமாட்டான்.

அம்மண்ணைப் பரப்பிய தட்டில் பொன்னிறமாக ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் முளைத்தது. அதனைச் சூழ்ந்து அகன்ற வட்டம் தெளிந்து நின்றது. பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையொட்டி அதற்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆரியோபேசியன்ஸ் என்று டக்கர் பெயரிட்டார். அது சுரந்த மஞ்சள் நிறப் பொருள் ஆரியோமைசின் எனப்பட்டது. சோதனைகள் ஒவ்வொன்றாக நடந்தன. பெனிசிலின் அடக்கும் கிருமிகளை அது அடக்கியது; பெனிசிலினுக்கு அடங்காதவற்றையும் அடக்கியது; டைபஸ் காய்ச்சலை உண்டாக்கும் இனத்தையும் அடக்கியது. விலங்குகளுக்குத் தீங்கு செய்யவில்லை. வாய்வழி உண்டாலும் குருதியிற் கலந்து வேலை செய்தது. நியூயார்க்கு நகரத்து ஹார்லெம் மருத்துவமனையில் லூயி ரைட் என்னும் கறுப்பின அறுவை மருத்துவரே அதனை முதன்முதல் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்.

1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நியூயார்க்கு அறிவியற் கழகத்தின் கூட்டத்தில் ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் டக்கர். அவர் எழுதிய கட்டுரையில் அவர் பெயர் ஒன்றே இருந்தது. தேடலைத் தொடங்கிவைத்து, ஆட்களைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பயன் காணாதபோதும் அதனைக் கைவிடாது நடத்திய தலைவரின் பெயர் அதில் இல்லை. சுப்பாராவ் அதனை விரும்பவும் இல்லை. உழைத்தவர்க்கே பெயர் உரியது என்பது அவர் கொள்கை. அக்கொள்கையால் மருந்துகள் பரவிய அளவு அவர் பெயர் பரவவில்லை.

ஒரு திங்கள் நிறையுமுன், ஆகஸ்டுத் திங்கள் 8ஆம் நாள் இரவு உறங்கச் சென்றவர் மறுநாட் காலை எழவில்லை. மாரடைப்பால் உறக்கத்திலேயே உயிர் நீங்கியிருந்தது. அப்போது அவர்க்கு வயது 53. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறுதற்கு 1946ஆம் ஆண்டில்தான் சட்டம் இடங்கொடுத்தது. அதன்பின்னும் அவர் அந்நாட்டுக் குடிமகன் ஆகவில்லை. இருபத்தாறாண்டு அங்கே உழைத்தும் அயலாராகவே இறந்தார். ஆரியோமைசின் கடைகளில் விற்பனைக்கு வந்தது அவ்வாண்டு டிசம்பரில்.

ஆரியோமைசின், டெட்ராசைக்கிளின் எனப்படும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதன் அமைப்பைச் சிறிது மாற்றிப் பிறர் பல மருந்துகளைச் செய்தனர். 1994ஆம் ஆண்டில் சூரத்து நகரில் பிளேக்கு அச்சம் எழுந்தபோது மக்கள் டெட்ராசைக்கிளினையே தேடி வாங்கினர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் புதர்களிலுள்ள நுண்ணிய பூச்சி கடித்து உண்டாகும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சலுக்கு இக்குடும்பத்தைச் சேர்ந்த டாக்சிசைக்கிளினை மருத்துவர் இன்றும் கொடுக்கின்றனர். குறையும் உண்டு. சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்தால் டெட்ராசைக்கிளின் பல்லை மஞ்சளாக்கும். கோழி விரைந்து வளர்தற்பொருட்டு ஆரியோமைசினைத் தீவனத்திற் கலந்தனர். மனிதரும் வேண்டாதபோதெல்லாம் வாங்கி உண்டனர். அதனால் பல கிருமிகள் இம்மருந்துகளுக்கு அடங்காதனவாயின. ஆதலின் மண்ணிலும் கடலடிச் சேற்றிலும் புதிய மருந்துகளைத் தேடும் வேலை ஓயவில்லை.

சுப்பாராவின் நூற்றாண்டை ஒட்டி 1995ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலையை வெளியிட்டது. அதற்கு நெடுநாள் முன்னரே, 1953இல், ஹெசெல்டின் என்னும் பூஞ்சையியல் அறிஞர் தாம் புதிதாக விளக்கிய பூஞ்சை ஒன்றற்குச் சுப்பாரோமைசிஸ் ஸ்பிளெண்டென்ஸ் என்று பெயர் சூட்டியிருந்தார்.

ஸ்புரூ நோயின் வரலாறு எஞ்சியிருக்கிறது. 1960களில் தென்னிந்தியச் சிற்றூர்களில் அந்நோய் கொள்ளைநோய்போற் பரவியது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஊரூராகச் சென்று அதனை ஆராய்ந்தனர். குடலிற் பெருகும் நுண்ணுயிர்களுக்கும் அந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது பையப் பையத் தெரியவந்தது. போலிக் அமிலத்தோடு கிருமியை அடக்கும் மருந்து ஒன்றனையும் சில திங்கள் கொடுத்தால் நோய் நீங்கும் என்று மருத்துவர் கண்டனர். அதற்குப் பெரிதும் வழங்கிய மருந்து டெட்ராசைக்கிளின். அண்ணனையும் தம்பியையும் கொண்டுபோன நோய்க்கு வேண்டிய மருந்துகள் இரண்டும் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்து வழியாகவே வந்தன. முதலாவதை அவர் அறிந்திருந்தார். இரண்டாவதும் அந்நோய்க்கே உரியது என்பது வெளிப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.